சாவி யாருகிட்ட?

எந்தத் திட்டத்தைப் பற்றி யார் வந்து சொன்னாலும் நர்சம்மா கேட்பது ஒரே ஒரு கேள்விதான். "எல்லாம் சரிங்க. சாவி யாருகிட்ட?"

பெரிய டாக்டர் ஜீப்பில் வந்து இறங்குவார். பஞ்சாயத்து ஆபீஸ் தரையில் எங்களை உட்கார வைத்து, ஊருக்கு ஊர் நலவாழ்வுத் திட்டம் வருகிறது, நல்ல தண்ணீர் வருகிறது, பிரசவ அறை வருகிறது என்று மூச்சு விடாமல் பேசுவார். நாங்கள் கைதட்டுவோம். தட்டி முடிப்பதற்குள் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்துவிடும். டாக்டருக்கு முகம் சுண்டிப்போகும். "இன்னும் கட்டடமே கட்டலையேம்மா, அதுக்குள்ள சாவிக்கு என்ன அவசரம்?" என்பார். "கட்டுறதுக்கு முன்னாடி கேட்டாத்தாங்க உண்டு. கட்டினப்புறம் கேட்டா நம்மளத் திருடிம்பாங்க" என்பார் நர்சம்மா.

நர்சம்மா என்றுதான் எங்கள் காலனி அவரைக் கூப்பிட்டது. பெரிய தெருவில் 'அந்தப் பாய் வூட்டு நர்சு' என்பார்கள். கடலோரத்து ஊர்க்காரர். அவருடைய அத்தா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தாராம். "கடக்காரரு வூட்டுப் பொண்ணுல்ல, அதான் எப்பப் பாத்தாலும் சாவி சாவிங்குது" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆள் ஒல்லி. வெள்ளைச் சேலை முந்தானையைத் தலையில் இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் வேகமாக வருவார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஊசி போடும்போதும் திட்டு, பிள்ளைக்குச் சொட்டு மருந்து ஊற்றும்போதும் திட்டு. "புள்ளைக்கி வயித்தால போவுது, இவ மோர ஊத்துறதா வேணாமான்னு ஊரைக் கூட்டிக் கேக்குறா" என்று திட்டிக்கொண்டே தானே உப்பும் சர்க்கரையும் கலக்கி ஊட்டிவிடுவார். திட்டு வாங்காத பெண் காலனியிலேயே கிடையாது. நான் பால்வாடி டீச்சர், பத்தாவது தேறினவள், எனக்கும் விலக்கு இல்லை.

பாபநாசத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, குடமுருட்டிக் கரையில் இறங்கி நடக்க வேண்டிய ஊர் எங்களுடையது. அப்போது கூலிச் சண்டையும் குத்தகைச் சண்டையும் ஓய்ந்த மாதிரி இருக்கும், மறு அறுவடைக்கு மறுபடி மூளும். ஆட்சி மாறும். சுவரில் இருக்கிற படம் மாறும், திட்டத்துக்குப் பேர் மாறும். சாவி மட்டும் மாறாது. அது பெரியவர் வீட்டுக் கூடத்து ஆணியில் தொங்கும். பெரியவர் என்றால் ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது செத்துப்போன அத்தை பேரிலும் பிறக்காத பேரன் பேரிலும் எழுதி வைத்து ஒரு குழி குறையாமல் காப்பாற்றிக்கொண்ட மகராசன். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் கட்சி வேட்டி அவர் பீரோவில் தயாராக இருக்கும்.

சாவி என்றால் பூட்டுச் சாவி மட்டுமல்ல என்பது எனக்கு அடிபம்பு விஷயத்தில்தான் விளங்கியது. எங்கள் காலனிக்குப் பஞ்சாயத்து ஒரு அடிபம்பு போட்டது. கல்வெட்டு, மாலை, தேங்காய் உடைப்பு எல்லாம் ஆயிற்று. "சாவி யாருகிட்ட?" என்று இவர் கேட்டார். ஊரே சிரித்தது. பம்புக்கு ஏதம்மா சாவி! இரண்டு மாதம் போனது. பெரியவருடைய காரியக்காரர் வந்து பம்பின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். கண்டவர்களும் அடித்தால் கெட்டுப்போகுமாம், காலையில் கொஞ்ச நேரம் தருவாராம். நடவுக் கூலியில் தகராறு வந்ததும் அந்தக் கொஞ்ச நேரமும் நின்றுபோனது. வாய்க்கால் தண்ணீரைக் குடித்தோம். பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் வந்தது.

நர்சம்மா நேராகக் காரியக்காரர் வீட்டுக்குப் போனார். என்ன பேசினாரோ தெரியாது. திரும்பும்போது அந்த இரும்புக் கைப்பிடியைத் தோளில் சாத்திக்கொண்டு, பெரிய தெரு முழுக்க நடந்து வந்தார். சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டு, கைப்பிடியை மாட்டச் சொல்லி, மரையைக் கழற்ற முடியாதபடி சுத்தியலால் நசுக்கச் சொன்னார். "இனிமே கழட்டணும்னா பம்பயே வெட்டி எடுத்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துத் திரும்பினார். "ஒங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல? இத்தன ஆம்பள இருக்கீங்க. ஒரு திருப்புளி கூடவா இல்ல?" ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. நேற்று வந்தவருக்கு என்ன தெரியும், எங்கள் ஆண்கள் வாங்கிய அடி?

என்னையும் விட்டாரா! பால்வாடியில் சத்துமாவும் பால்பவுடரும் வைக்க ஒரு மர அலமாரி இருந்தது. அதன் சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துப் போட்டிருந்தேன். ஒரு நாள் வந்து பார்த்தார். "ஏம்மா, நீ காய்ச்சல்ல படுத்துட்டா புள்ளைங்க பசிக்கி உன் தாலியப் புடிச்சா இழுக்கும்?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எலி வரும், பூனை வரும், ஆளும் வரும், மாவு குறைந்தால் என் வேலைதான் போகும் என்றேன். "அப்ப நீயும் ஒரு பெரியவருதான்" என்றார். அந்த வார்த்தைக்காக ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அலமாரியைப் பூட்டியது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் பால்வாடி ஆயாவிடம் இன்னொரு சாவி கொடுத்து வைத்தேன். அவர் சொல்லித்தான் செய்தேன் என்று நினைத்துவிடக் கூடாதே, அதனால் அவரிடம் சொல்லவில்லை.

பிரசவ அறைக் கட்டடம் வந்தது. எங்கே வந்தது? என் மாமனார் பரம்பரையாகக் குத்தகைக்கு உழுத நிலத்தில். குத்தகைப் பதிவு வேண்டும் என்று அவர் மனு எழுதிப் போட்டிருந்தார். பதிவு வருவதற்குள் பெரியவர் அந்த நிலத்தை ஊர் நலனுக்காக அரசாங்கத்துக்குத் தானம் கொடுத்துவிட்டார். வாசலில் கல் பதித்தார்கள், தானம் கொடுத்த வள்ளல் என்று. என் மாமனார் அந்தக் கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எழுத்துத் தெரியாது அவருக்கு. நர்சம்மாதான் வாசித்துச் சொன்னார், வாசித்துவிட்டு, "அடுத்தவன் வயித்துல அடிச்சதுக்குப் பேரு தானமா? யா அல்லா, வாய் கூசலையா இவங்களுக்கு?" என்றார்.

ஊர் நலவாழ்வுக் குழு என்று ஒன்று அமைக்க வேண்டுமாம், திட்டத்தில் இருக்கிறதாம். குழுவுக்குத் தலைவர் யார்? வேறு யார், வள்ளல்தான். திறப்பு விழாவில் நர்சம்மா வழக்கம்போல எழுந்தார்.

"சாவி யாருகிட்ட இருக்கும்?"

பெரியவர் கோபிக்கவில்லை. அவர் என்றைக்குமே கோபிக்க மாட்டார். "எங்கிட்டதான் இருக்கும். பத்திரமா இருக்கும். வேணுங்கறப்ப வந்து கேளுங்க." பிறகு பக்கத்திலிருந்தவர்களிடம் திரும்பி, "காலனிக்கி வந்த வாழ்வப் பாத்தீங்களா? ஆசுபத்திரியில புள்ள பெத்துக்கப் போறாங்க" என்றார். பந்தலே சிரித்தது.

"வாழ்வு வந்துருச்சுங்க. சாவிதான் வரல" என்றார் நர்சம்மா. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அவர் தன் காசில் ஒரு பூட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தார். மறு வாரம் அந்தப் பூட்டைக் காணோம். பெரியவர் வீட்டுப் பித்தளைப் பூட்டு, உள்ளங்கை அகலம், அங்கே தொங்கியது. உள்ளே யூரியா மூட்டை. காண்டிராக்டர் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டிவிட்டுப் போயிருந்தான். அதுவும் வசதியாகப் போயிற்று, வாசல் வரைக்கும் மூட்டை அடுக்கலாம் அல்லவா. நர்சம்மாவின் இரும்புப் பெட்டி, கையுறை, கத்தரி, மருந்து எல்லாம் அந்த மூட்டைகளுக்கு நடுவே. பிரசவம் என்றால் பெரியவர் வீட்டுக் கொல்லைப்புறம் போய் நின்று, குரல் கொடுத்து, காத்திருந்து சாவி வாங்கி வர வேண்டும். மேலிடத்துக்கு மனு போட்டார். ஊர்க் குழு முடிவுப்படி செய்துகொள்ளவும் என்று பதில் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் ஒரே ஆள்.

என் ஓரகத்தி அந்த வாசற்படியில்தான் செத்தாள். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி அவள். உச்சிப் பொழுது. நர்சம்மா அடுத்த ஊரில் இருந்தார், ஆள் விட்டிருந்தோம். சாவிக்குப் போனவளிடம் காரியக்காரர் சொன்னது: "பெரியவரு சாப்ட்டுட்டு இப்பத்தான் கண்ண மூடினாரு. எந்திரிச்சதும் தரேன்." அவர் எழுந்திருப்பதற்குள் இவள் போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையோடு. நர்சம்மா வரப்பில் ஓடி வந்து சேர்ந்தபோது பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது, கீழே இவள் கிடந்தாள். அவர் அழவில்லை. அழுத எங்களையும் திட்டினார். படியைக் கழுவ வாளியோடு வந்தவளைத் தடுத்து, "கெடக்கட்டும். வந்து பாக்கட்டும் எல்லாரும்" என்றார். யார் வந்து பார்த்தார்கள்? ஒருத்தரும் வரவில்லை. சாயங்காலம் நான்தான் கழுவினேன். அப்போது எனக்கு இரண்டு மாதம்.

நான் நிறை மாசமாக இருந்தபோது ஐப்பசி. குறுவை அறுவடை. சங்கத்துக்காரர்கள் கூலி கேட்டு அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள், என் வீட்டுக்காரர் முன்னால் நின்றார். அடைமழை பிடித்துக்கொண்டது. பெரியவர் வயலில் விளைந்த நெல் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. எங்கள் குடிசைக்குள்ளும் தண்ணீர், அடுப்பு மிதந்தது. பாலத்துக்கு மேலே வெள்ளம் போனதால் கும்பகோணத்துக்கு பஸ் இல்லை. அன்றைக்குக் காலையில் எனக்கு வலி எடுத்தது.

நர்சம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முகம் இன்னும் கடுகடுவென்று ஆனது. "புள்ள தல கீழ திரும்பல, கால்தான் முன்னால வரும்போல. இந்தத் தண்ணிக்குள்ள வச்சி நான் என்னத்தப் பாக்குறது? கட்டடத்துக்குத் தூக்குங்க. என் பொட்டி அங்கதான் இருக்கு" என்றார். கயிற்றுக் கட்டிலில் போட்டு என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாவிக்கு ஆள் போனது.

காரியக்காரர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். கையில் சாவி இல்லை. "பெரியவரு சொல்லச் சொன்னாரு. அங்க நெல்லு நனையுது. மொதல்ல நீங்க அரிவாள எடுங்க. அப்புறம் அவரு சாவிய எடுக்குறாராம்."

ஓரகத்தி கிடந்த அதே படிக்கு முன்னால் என் கட்டில். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார், படியைப் பார்த்தார். அப்படி அவர் முகம் வெளுத்து நான் பார்த்ததே இல்லை, கூலிச் சண்டையில் போலீஸ் வந்தபோது கூட. "நான் போயிச் சொல்லிடறேன், வேலைக்கி வரோம்னு" என்றார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. தடுக்க எப்படி வாய் வரும்? எனக்கும் வரவில்லை. எனக்குப் பிழைக்க வேண்டும் என்றிருந்தது.

"நில்லு" என்றார் நர்சம்மா. "கடப்பாரை இருக்கா யார் வூட்டுலயாவது?"

நாலு பேர் பூட்டை உடைக்கப் பாய்ந்தார்கள். அவர் கையை விரித்து மறித்தார். "தொடாதீங்கடா! அது அவரு வூட்டுப் பூட்டு. ஒடச்சா திருட்டுக் கேசு, அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு. ஒருத்தனும் கிட்ட வரக் கூடாது. பூட்டுதான் அவரோடது. கதவு யாரோடது? கவர்மெண்டோடது. நான் யாரு? கவர்மெண்டு. கவர்மெண்டு கதவ கவர்மெண்டே கழட்டுது. எவன் கேப்பான்?"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையை வாங்கினார். கீல்களெல்லாம் வெளிப்பக்கம். மழையில் ஊறிய மரம். நெம்ப நெம்ப ஆணி பல்லைக் காட்டிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் முடிந்தது, மறு பக்கம் போனார். மூச்சிரைத்தது, நிறுத்தவில்லை, வாயும் ஓயவில்லை. பெரியவரை, டாக்டரை, காண்டிராக்டரை, குழுவை, எங்களை, எல்லாரையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே நெம்பினார். காரியக்காரர் குடையை மடக்கிக்கொண்டு ஓடினார். இரண்டு கதவும், நடுவில் பூட்டு பூட்டியபடியே, ஒன்றாகப் பெயர்ந்து வந்தது.

அந்தக் கதவைத்தான் யூரியா மூட்டைகள் மேல் படுக்கப் போட்டு, என்னை அதன்மேல் கிடத்தினார். கதவில்லாத வாசலில் பெண்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உர நெடி, மழைச் சத்தம், அவருடைய வசவு. "முக்குடி! சாவி கேக்கவா வந்த நீ? புள்ள பெக்க வந்த. முக்கு!" வலியில் கையை எங்கேயோ நீட்டி எதையோ பிடித்தேன். பிள்ளை வெளியே வந்து அழுத பிறகுதான் பார்த்தேன், நான் இறுக்கிப் பிடித்திருந்தது அந்தப் பித்தளைப் பூட்டு. ஆண் பிள்ளை. அடுத்த வாரம் கூலி பேசி முடிந்த பிறகுதான் அரிவாள் எழுந்தது.

விசாரணை வைத்தார்கள், அரசு உடைமைக்குச் சேதம் விளைவித்ததாக. "சேதம் என்னங்க சேதம்? பூட்டு பூட்டினபடியே இருக்கு, போயிப் பாத்துக்குங்க" என்றாராம் இவர். ஓரகத்தி செத்ததற்கு எந்த விசாரணையும் இல்லை. நாலு கீலுக்கு விசாரணை! ஏதோ மலை ஊருக்கு அவரை மாற்றிவிட்டார்கள்.

பஸ் ஏறும் நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். கொஞ்சுவார் என்று நினைத்தேன். ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். "கதவ மாட்டிட்டாங்களா?"

"மாட்டிட்டாங்கம்மா."

"சாவி யாருகிட்ட?"

நான் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு நின்றேன். "நல்லா நில்லு" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறம் அவரைப் பார்க்கவே இல்லை. கும்பிட்டு அனுப்ப வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? பல வருஷம் அதற்காக அவர்மேல் கோபமாக இருந்தேன்.

பெரியவர் போய்ச் சேர்ந்தார். அந்தக் கட்டடமும் இடிந்தது. அதே இடத்தில் போன வருஷம் புதிதாக நலவாழ்வு மையம் கட்டியிருக்கிறார்கள். போன வாரம் கூட்டம். சின்னப் பெண், அதிகாரி, தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தாள். சுவரில் படம் காட்டி அழகாகப் பேசினாள். சர்க்கரைக்கு மருந்து, மனசுக்கு ஆலோசனை, கர்ப்பிணிகளுக்கு யோகா, எல்லாம் உண்டாம். எல்லாரும் கைதட்டினார்கள். அதற்கு முதல் நாள்தான் எதிர்வீட்டு மருமகள், மாசமாக இருப்பவள், தலை சுற்றிப்போய் அந்த மையத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். உள்ளே கொடிக்கம்பம், பிளக்ஸ், பிளாஸ்டிக் நாற்காலி.

நான் எழுந்தேன். "எல்லாம் சரிம்மா. சாவி யாருகிட்ட?"

அந்தப் பெண் சிரித்தாள். "அதெல்லாம் ஒரு பிரச்சினையா பாட்டி? குழுத் தலைவர்கிட்ட இருக்கும்." பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அதில் உட்கார்ந்திருந்தவன் கட்சிக்கரை வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிள் சாவிக் கொத்தைத் தூக்கி ஆட்டிக் காட்டினான்.

"எங்கிட்டதாம்மா இருக்கு. பத்திரமா இருக்கு."

என் மகன். அந்தக் கதவில் பிறந்தவன்.

வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டேன். அவன் எங்கே பிறந்தான், எப்படிப் பிறந்தான் என்று ஆரம்பித்தேன். "எத்தன வாட்டிம்மா அதே கதையச் சொல்லுவ?" என்றான். சரி, விட்டுவிட்டேன். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டேன்: "அந்த மையத்துக் கதவு எந்தப் பக்கம் தொறக்குது?"

"வெளிப்பக்கம். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

கடப்பாரை கொல்லையில் கிடந்தது, துரு ஏறி. தேய்த்து, எண்ணெய் போட்டு, கதவு மூலையில் சாத்தி வைத்திருக்கிறேன். மாசா மாசம் பென்ஷன் வாங்குகிறவள் நான். நானும் கவர்மெண்டுதான்.